நடு மலையில் நின்ற வேன்

பாய்,

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டும் அந்த வாசனை போகவில்லை. கருகிய ஆயில் வாசனை. வீட்டுக்காரி மறுபடியும் சோப்புப் போட்டு அலசிப் பார்த்துவிட்டு, "இது துணியில இல்ல, உன் மூக்குல கீது" என்று கொடியில் வீசிவிட்டுப் போய்விட்டாள். இருக்கலாம். முன்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கிய நாளெல்லாம் உன் மேல் வந்ததும் ஏறக்குறைய இதே வாசனைதான். டீசல், ஆயில், அதற்கு மேல் கொஞ்சம் அத்தர். இப்போது அத்தர் மட்டும் இல்லை.

உனக்கு எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. நீ போன பிறகு உன்னை நினைத்தாலே எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். செத்தவனோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்தேன். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வண்டி நின்றுவிட்டது, பாய். நம்ம வேன்தான். ஆலங்காயத்தில் சந்தை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது, ஒரு வளைவின் நடுவில்.

அது நின்றால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு நீ போன பிறகு நடந்தது. நாற்பதாம் நாள் ஓதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பாபி என்னை மட்டும் இருக்கச் சொன்னார். உன் சம்சாரம் என்பதால் வேனில் உன் பாதி இப்போது அவருடையது. விற்கச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"நீ ஓட்டு. நான் வேணான்னு சொல்லல" என்றார். "ஆனா அது கிழட்டு வண்டி. நடு மலையில ஒரு தடவ நின்னுச்சுன்னா வித்துடணும். எனக்கு வாக்கு குடு. ஒன் வூட்லயும் அழுவ சத்தம் கேக்க என்னால ஆவாது."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? வேன் இல்லையென்றால் எனக்கு சாமை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பிழைப்புதான் மிச்சம். அதுகூடப் பரவாயில்லை என்று வை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என்று சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை.

வாங்கிய அன்று நினைவிருக்கிறதா? கண்ணமங்கலம் போகிற வழியில் ஒரு தகர ஷெட்டில் நின்றது, மேலே கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. விற்கிற ஆள் சீட்டைக் காட்டினான், பெயிண்டைக் காட்டினான், பாட்டுப் பெட்டியைப் போட்டுக் காட்டினான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீ பாட்டை நிறுத்தச் சொன்னாய். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இருக்கிற இன்ஜின் பெட்டியைத் திறந்துவிட்டு, வண்டியை உறும விட்டு, பின்னால் போய்ப் புகையைப் பார்த்தாய். அப்புறம் என்னைத் தனியாக இழுத்துப்போய், "நோயாளிதான் மச்சான், ஆனா சாவுற நோய் இல்ல" என்றாய். அந்த ஆள் அதைக் கேட்டுவிட்டு முறைத்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்றிலிருந்து வாரம் முழுக்க எங்கள் ஊரில்தான் உன் படுக்கை. என் வீட்டை ஒட்டிய அறையில் படுத்து, விடியலில் வண்டி எடுத்து, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் ஆலங்காயத்தில் உன் வீட்டுக்குப் போவாய். என் பிள்ளைகள் உன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நீ ஓட்டுவாய், நான் ஆள் கூப்பிடுவேன், புளி மூட்டையை மேலே ஏற்றுவேன், இடத்துக்குச் சண்டை போடுகிறவர்களைச் சமாதானம் செய்வேன். வண்டியின் உடம்பு உன் பொறுப்பு. அதில் என்னை நீ சேர்த்ததே இல்லை. கேட்டால் கிண்டல்தான் பதிலாக வரும்.

புகையைப் பற்றி மட்டும் ஒரு தடவை சொன்னாய், அதுவும் நான் நச்சரித்ததால். "கருப்பா வந்தா தின்னது செரிக்கல. வெள்ளையா வந்தா தண்ணி உள்ள பூந்துடுச்சு. நீலமா வந்தா ஆயிலத் தின்னுக்கினு கீது. போதுமா? போய் மூட்டைய ஏத்து." சத்தம் எதுவும் புதிதாகக் கேட்டால் நீ உடனே ஓரம் கட்டிவிடுவாய். கல்யாணத்துக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி. "கம்முனு இருங்க கொஞ்சம்" என்று மொத்த வண்டியையும் அடக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பாய். ஒரு தடவை அப்படி நிறுத்திப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் யாரோ வைத்திருந்த தூக்குவாளி ஆடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை உன்னைக் கிண்டலடித்துக்கொண்டே வந்தார்கள்.

அப்புறம் அந்த டீ. ஊரே உன்னைத் திட்டியது அந்த டீக்குத்தான். நம்ம வண்டிக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. அதனால் ராத்திரி என் வீட்டு முன்னால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவோம். விடியலில் கல்லை எடுத்தால் தானாக உருண்டு கிளம்பிவிடும். மலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நீ அப்படிக் கிளம்பிய வண்டியை, சாமை அடிக்கிற களத்துப் பாறை மேல் கொண்டுபோய் நிறுத்துவாய். ஊரிலேயே சமமாக இருப்பது அந்தப் பாறை ஒன்றுதான். நிறுத்தினால் போதாதா, இன்ஜினையும் அணைத்துவிடுவாய். எதிர்க்கடையில் ஒரு டீ. ஆற ஆற ஊதிக் குடிப்பாய். அப்புறம் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "தள்ளுங்கப்பா" என்பாய்.

ராமக்காதான் தினமும் ஆரம்பிப்பாள். "பாய் டீ குடிக்கறதுக்கு நாங்க வண்டி தள்ளணுமா? எந்த ஊர் நியாயம் இது?"

"நீயும் ஒண்ணு குடிச்சுட்டு தள்ளு ராமக்கா, தெம்பு வரும்" என்பாய்.

ஏன் அங்கே நிறுத்துகிறாய் என்று நானும் கேட்டேன். "டீ அங்கதான நல்லா கீது" என்றாய். நானும் நம்பிவிட்டேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்தக் கடைசி நாளை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கோபமே அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் சில வாரமாகவே நீ நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாய். கேட்டால் கேஸ் என்பாய். சோடா, இஞ்சி, ஓமத் தண்ணி என்று ஓட்டினாய். ஆஸ்பத்திரியில் காட்டு என்று நான் சண்டை போட்டேன். பாபி உன்னிடம் பேசாமல் இருந்து பார்த்தார். எதற்கும் மசியவில்லை. அன்றைக்கு வண்டி நிறைய ஆள், சந்தைக்கு. களத்தைத் தாண்டும்போதே உன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது. இத்தனைக்கும் மார்கழிக் குளிர்.

"இன்னா பாய், ஒரு மாதிரியா கீற?"

"கேஸ் மச்சான். கீழ போய்ட்டு ஒரு சோடா குடிச்சா சரியாய்டும்."

"நிறுத்து. நான் ஓட்றேன்."

"கம்முனு வா. எல்லாருக்கும் சந்தைக்கு நேரமாவுது."

வழியில் மலை ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அங்கே நீ வேகத்தைக் குறைத்தாய், பாய். நான் பார்த்தேன். கியரைக்கூட மாற்றினாய். நிறுத்தப்போகிறாய் என்று நினைத்து நான் கதவில் கை வைத்தேன். பின்னால் ஒருவர், "இங்க யாரும் எறங்கல, போப்பா" என்றார். நீ அழுத்திக்கொண்டு போய்விட்டாய். ஆலங்காயத்தில் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, எல்லோரும் இறங்குகிற வரை உட்கார்ந்திருந்தாய். ராமக்காவின் மூட்டையைப் பார்த்து எடுக்கச் சொல்லிச் சத்தம்கூடப் போட்டாய். அப்புறம் ஸ்டியரிங் மேல் தலையை வைத்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றும் பலனில்லை.

மலையில் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். கடைசி ஆள் இறங்குகிற வரை தாங்கிய மனுஷன் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். உள்ளுக்குள் எரிகிறது. தூக்குவாளி ஆடிய சத்தத்துக்கு மொத்த வண்டியையும் நிறுத்தியவன் நீ.

நீ போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. லைசென்ஸ் இருந்தது, பழக்கமும் கொஞ்சம் இருந்தது. முதல் வேலையாக அந்த டீயை நிறுத்தினேன். வயசானவர்களைக் காலையில் வண்டி தள்ள வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இறக்கத்தில் கல்லை எடுப்பதற்கு முன்னாலேயே, வீட்டு வாசலில் வைத்தே ஆயில் பார்த்துவிடுவேன். கல்லை எடுத்தால் நேராக மலை இறக்கம்தான். எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பதான் வண்டி ஒழுங்கா ஓடுது" என்று ராமக்கா வாய் நிறையச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் காலையில் நீலப் புகை தெரிய ஆரம்பித்தது. நீ சொன்னது ஞாபகம் வந்து பதறிப்போய்க் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோடு வரை ஆயில். மறுநாளும் பார்த்தேன், அதே அளவு. சரி, குளிருக்குப் புகைகிறது என்று விட்டேன். அப்புறம் ஏற்றத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்க ஆரம்பித்தது. சமதரைக்கு வந்தால் அணைந்துவிடும். ஒயரிங் கோளாறு என்றார்கள். ஆயில்தான் நிறைய இருக்கிறதே, நானும் ஒயரிங் என்றே வைத்துக்கொண்டேன். இருந்தாலும் மனசுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. ஒவ்வொரு தடவை மலை ஏறும்போதும் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த விளக்கைப் பார்த்ததுதான் அதிகம். நின்றால் வண்டி போய்விடும் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சந்தை முடிந்து மழைத் தூறலில் ஏறிக்கொண்டிருந்தோம். விளக்கு பற்றியது, இந்தத் தடவை அணையவில்லை. இன்ஜின் பெட்டியிலிருந்து கருகிய வாசனை வந்தது. அப்புறம் அடியிலிருந்து ஒரு தட்டல். சுத்தியலால் மெதுவாகத் தட்டுகிற மாதிரி. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கூடியது, விட்டால் குறைந்தது.

பின்னாலிருந்து கோவிந்தன், அதான் நம்ம டீக்கடைக்காரன், எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணா யோசிக்கற? இன்னும் ரெண்டு வளைவுதான். மெல்ல ஏத்திடு. மேல போய் பாத்துக்கலாம்."

"மழ பெய்யுது, கொழந்தைங்க கீது, ஓட்டு" என்றாள் ராமக்கா.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதேதான் ஆசை. மேலே ஏற்றிவிட்டால் நடு மலையில் நின்றது என்கிற பேச்சே இருக்காது. இரவோடு இரவாக ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டி, பாபி காதுக்குப் போகாமல் முடித்துவிடலாம். இங்கே நிறுத்தினால் இந்த வண்டியில் இருக்கிற வாயெல்லாம் சேர்ந்து, விடிவதற்குள் ஆலங்காயம் முழுக்கச் சொல்லிவிடும். வாக்குக் கொடுத்திருக்கிறேன். வண்டி போனது போனதுதான். கால் ஆக்ஸிலேட்டர் மேல்தான் இருந்தது. அந்தத் தட்டல் இன்னும் கொஞ்சம் கனத்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன்.

திட்டாதவர்கள் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூட்டைகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "பாய் இருந்தா இப்டி நடு ரோட்ல வுட்டிருக்க மாட்டாரு" என்று ராமக்கா சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. நான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துக் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. காலையில் மேல் கோடு வரை இருந்தது எங்கே போனது? மழையில் மண்டி போட்டு அடியில் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பேய் குடித்துவிட்டதா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

மறுநாள் ஆலங்காயத்திலிருந்து மெக்கானிக் செல்வம் வந்து, டிராக்டரில் கட்டி ஷெட்டுக்கு இறக்கினார். இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரே கேள்வி, "காலைல எங்க நிறுத்தி ஆயில் பாப்பீங்க?"

"வூட்டு முன்னால."

"எறக்கத்தப் பாத்த மாதிரியா?"

ஆமாம் என்றேன். அவர் டீ குடித்த டபராவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி முன்பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் எல்லாம் ஒரு ஓரத்தில் போய் நிறைந்து நின்றது. "இந்த வண்டிக்கு கம்பி முன்னால கீது. எறக்கத்துல நிறுத்தினா இருக்கற கொஞ்ச ஆயிலும் முன்னால வந்துடும், கம்பி நெறையக் காட்டும். ஏத்தத்துல எல்லாம் பின்னால ஓடிடும், இன்ஜினுக்கு ஆயிலே ஏறாது. அதான் விளக்கு எரிஞ்சுது. மலை வண்டிங்க இப்டி நெறைய என்கிட்ட வருதுங்க. சமமா நிறுத்தி, அணைச்சுட்டு, ஆயில் கீழ எறங்கற வரைக்கும் கொஞ்ச நேரம் வுட்டுத்தான் பாக்கணும்."

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ஒரு டீ குடிக்கற நேரம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். ஒரு வார்த்தை, பாய். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பாய்? எவ்வளவு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். உன் வண்டி நோயும் உன் உடம்பு நோயும் யாருக்கும் தெரியக் கூடாது, எல்லாவற்றையும் சிரித்து மழுப்பிவிட வேண்டும். கூட இருந்தவர்கள் கடைசியில் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நிற்க வேண்டும்.

இன்ஜினை இறக்கிப் பிரித்தார்கள். ஆயில் இல்லாமல் ஓடியதில் கிராங்க் பேரிங் எல்லாம் கருத்து உரிந்து போயிருந்தது. செல்வம் கிராங்க்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "லேசாதான் கீறியிருக்குது. பாலிஷ் போட்டு, புது பேரிங் போட்டா ஓடும். நல்ல நேரத்துல அணைச்சீங்க. அந்த ரெண்டு வளைவு ஏத்தியிருந்தா ராடு இன்ஜின ஒடச்சுக்கினு வெளிய வந்திருக்கும். அப்புறம் காயலான் கடைதான்." செல்ஃபையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன் என்றார். நான் சரி என்றேனே தவிர, பிழைத்த வண்டி எனக்கு இல்லை என்று தெரியும்.

அங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு நடந்தேன். சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. பாபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். வாக்குக் கொடுத்த அதே இடம்.

"நின்னுடுச்சாமே" என்றார்.

"அது நிக்கல பாபி. நான்தான் நிறுத்தினேன்." தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான். "வித்துடலாம். நானே ஆள் பாக்கறேன்."

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "ஆளுங்க இன்னா சொன்னாங்க?"

"போ போன்னாங்க. ரெண்டு வளைவுதான்னாங்க."

"அப்பறம் ஏன் நிறுத்தினே?"

பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. "பயமா இருந்துச்சு பாபி."

உன் மையத்து எடுத்த அன்றும், நாற்பதாம் நாளும் என் முன்னால் அழாதவர், அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியவில்லை.

"வண்டி இருக்கட்டும்" என்றார், முந்தானைக்குள்ளிருந்தே. "நீயே ஓட்டு. நீ நிறுத்துவே."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டார். என்னிடம் கேட்டாரா, வேறு யாரிடமாவது கேட்டாரா, தெரியவில்லை. "அவருக்கு ஏன் அந்த பயம் வரல?"

நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வண்டி இப்போது ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு நாளும் மலை ஏற்றி, மலை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரும்போது என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. "இங்க யாரும் எறங்கல, போப்பா" என்று பின்னால் யாராவது சொல்கிறார்கள்.

நீ அங்கே கியர் மாற்றினாயே பாய், அப்போது உனக்குப் பயமாக இருந்ததா?